மாட்டுக்கு 1962... மனிதருக்கு?

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் கடலையில் சுருள்பூச்சி, நெல்லில் குருத்துப்பூச்சி, தென்னையில் வெள்ளை ஈ என்றுதான் இருக்கும். இந்த முறை கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தில் பயிரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். மீதி முழுக்க மனிதரைப் பற்றி. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: "முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கு என் வீட்டுக்காரர் மருந்து அடித்தார். மத்தியானம் வரும்போதே தலைசுற்றல், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். வெயில்தான் என்று மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் படுக்க வைத்தோம். ராத்திரி மூச்சு வாங்கியது. ஊரில் ஊசி போடுபவரிடம் முதலில் போனோம். பிறகு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே இரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, இங்கே பார்க்க முடியாது என்றார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரி. ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தார். முதலில் எங்கே போயிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதே நான், பையனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தபோது பெரியாஸ்பத்திரிக்குப் போய் நாள் முழுக்க வரிசையில் நின்றிருக்கிறேன். எதற்கு எங்கே போவது என்று ஒரு பக்கம் எழுதுங்களேன்."

பதில்: சகோதரி, நான் படித்தது விவசாயம். பயிருக்கு வைத்தியம் சொல்லலாம், மனிதருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது என்ன மருந்து என்று இல்லை. எந்த வாசல் என்றுதான். அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதை வரிக்கு வரி காட்டித் திருத்தி வாங்கித்தான் தருகிறேன். நல்லவேளை உங்கள் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார்.

மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் 1962-க்கு போன் போய்விடுகிறது. கன்று ஈனச் சிரமப்பட்டால் கால்நடை மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணிக்கு வருவார் என்பது நம் ஆட்களுக்கு மனப்பாடம். அதே வீட்டில் மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "கொஞ்சம் சோடா குடி, விடியட்டும் பார்க்கலாம்" என்கிறோம். ஊரைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலேயே நடந்தது இது.

2018 மாசி மாதம். என் அண்ணன் அரிமளம் பக்கத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலை நாலரை மணிக்கு மோட்டார் போடப் போனவர், நெஞ்சில் யாரோ மூட்டையை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறார். சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. இடது கை கடுப்பு. வாயு என்று முடிவு செய்து இஞ்சிச் சாறு, சோடா. ஏழு மணிக்கு மெடிக்கல் ஷாப் திறந்ததும் ஒரு வாயு மாத்திரை. எட்டு மணிக்கு அண்ணி எனக்கு போன் செய்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும் அண்ணி, டவுனில் நல்ல கிளினிக்காகப் பார்த்துக் காட்டுங்கள்." பட்டம் வாங்கிய அதிகாரி சொன்ன யோசனை. கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. டாக்டர் பத்தரைக்குத்தான் வந்தார். பதினோரு மணிக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்பு, உடனே மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஏழரை மணி நேரம்.

அண்ணன் இருக்கிறார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நாலு வரப்பு நடந்தால் மூச்சு வாங்குகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அன்றைக்குக் கார் போன வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். இப்போதும் அந்தச் சாலையில் ஜீப்பில் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் அதிகபட்ச நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. இதைப் பயிற்சி வகுப்புகளில் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இப்போது நிறம்தான். உள்ளே வருபவரைப் பார்த்து, இந்த நிமிடமே கவனிக்க வேண்டியவர் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவர் மஞ்சள், நடந்து வந்து உட்காரக்கூடியவர் பச்சை என்று பிரிக்கிறார்கள். முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பது அங்கே கிடையாது. காய்ச்சலோடு போன உங்கள் பையன் நாள் முழுக்கக் காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அந்தப் பிரிவினையை வீட்டுத் திண்ணையிலேயே நாமும் ஓரளவு செய்துகொள்ள முடியும்.

சிவப்பு எது? நெஞ்சில் பாரம், அதோடு வியர்வை, கை, தாடை, முதுகு வரை பரவும் வலி. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறல், வாந்தி, அசதி என்றும் வரலாம். ஒரு பக்கம் வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது: இது பக்கவாதம். நினைவு தப்புதல், நிற்காத வலிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு. பாம்புக்கடி. பூச்சிமருந்து உடம்பில் ஏறியது அல்லது வயிற்றுக்குள் போனது. மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து விழுந்தவர், எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் சரி. வெயிலில் வேலை செய்தவர் உடம்பு கொதித்து, பேச்சு தடுமாறினால் அதுவும். கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, கண் இருண்டு கடும் தலைவலி. இவற்றுக்கு ஒரே வேலை: 108.

இந்த 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. காசு கிடையாது. வண்டியில் ஓட்டுநர் தவிர மருத்துவ உதவியாளர் ஒருவர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் எதற்கு வசதி உண்டு என்று அவருக்குத் தெரியும். போகும்போதே அங்கே தகவல் சொல்லிவிடுவார். வாடகைக் காரில் இது எதுவும் கிடையாது. நம் ஆட்கள் செய்யும் ஒரு தவறு, "எங்க ஊருக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவது. வயல்காட்டில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றை ராத்திரி அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எந்தக் கண்மாய்க்கரை, எந்த அய்யனார் கோயில், எந்த ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லுங்கள். ஒரு பையனை டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். அவர்கள் திரும்ப அழைப்பார்கள். அந்த போனை யாரும் பேசி அடைத்துக்கொள்ளக் கூடாது.

சிவப்பு என்றதும் எல்லாருக்கும் வரும் எண்ணம் "நேரே தஞ்சாவூர்" அல்லது "நேரே திருச்சி". இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்த மண் நம் புதுக்கோட்டை. ஆனால் புதுக்கோட்டைக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2017 ஜூனில்தான். அதுவரை பெரிய வியாதி என்றால் தஞ்சாவூர், திருச்சி என்று ஓடித்தான் பழக்கம். இப்போது முள்ளூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், இலுப்பூர் என்று அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கால் மட்டும் பழைய வழியிலேயே ஓடுகிறது. கந்தர்வகோட்டைக்காரருக்குத் தஞ்சாவூர் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மணமேல்குடிக்காரர் வழியில் இருக்கும் எல்லா வாசலையும் தாண்டித் தஞ்சாவூர் போவது வேறு கதை.

வழியில் இருக்கும் சின்ன வாசலில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாரடைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும்கூட 14 மாத்திரைகள் கொண்ட முதல் தவணை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவுடன் இதைக் கொடுத்து, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கட்டி மேலும் பெருகாமல் தடுக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீங்களே வாங்கி வீட்டில் வைத்து விழுங்குவதற்கல்ல அது. ரத்தம் கசியும் நோய் இருப்பவருக்கு ஆபத்து. பார்த்துக் கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில்தான். என் அண்ணன் காலத்தில் இந்தத் திட்டம் இல்லை. ஆனாலும் அந்த நிலையத்தில் நின்றிருந்தால் யாராவது ஒருவர் அவருடைய வியர்வையைப் பார்த்தே 108-ஐக் கூப்பிட்டிருப்பார்கள்.

பக்கவாதத்துக்கு மட்டும் கணக்கு வேறு. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எதுவும் செய்ய முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். 108-இல் சொன்னால் அங்கேதான் கொண்டு போவார்கள். வாய் கோணியது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பாம்புக்கடிக்கு வருகிறேன். கடலை பறிப்பு நேரத்தில் களத்தில் காவலுக்குத் தரையில் படுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். அது கடித்தால் பல நேரம் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கண் இமை கனத்துக் கீழே விழும். எச்சில் விழுங்க முடியாது. இதை அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். தரையில் படுத்தவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச்சரிவும் வந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். கட்டிய கால் அழுகிப் போனவர்கள் உண்டு. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், வீங்கினால் கழற்ற வராது. கடித்த கையையோ காலையோ ஒரு தப்பையோடு சேர்த்துத் துணியால் லேசாகக் கட்டி, அசையாமல் வைத்துக் கொண்டு போங்கள். நடக்க விடாதீர்கள். 108 வர நேரமாகும் என்றால், இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்து பைக்கில் போனாலும் தவறில்லை. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்க வேண்டாம். நம் நாட்டில் கொடுப்பது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். எது கடித்தாலும் அதே பாட்டில். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-லிருந்து நடக்கும் சங்கம் அது.

எங்கே போவது? மருந்து இருக்கும் மிகப் பக்கத்து அரசு நிலையத்துக்கு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். "ரத்தத்தை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று சத்தம் போட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி என் நண்பர் வருத்தத்தோடு சொன்னார். அந்த 20 நிமிடமும் வைத்தியம்தான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த மருத்துவமனை பாம்புக்கடிக்குச் சிகிச்சை தந்தாலும் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். நீங்கள் எழுதிய எச்சில் ஊறல், கண் மங்கல், பிறகு மூச்சு வாங்குதல் எல்லாம் பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளம். கண்ணின் பாவை ஊசிமுனைபோலச் சுருங்கும், சதை துடிக்கும், வயிற்றைப் பிசையும். வெயில் மயக்கத்தில் நாக்கு வறளும். இதில் எச்சில் வழியும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மோரும் எலுமிச்சையும் இதற்கு மாற்று ஆகாது. மயக்கத்தில் இருப்பவருக்கு எதையும் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். உப்புக்கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. முதல் வேலை, சட்டை வேட்டி முழுவதையும் அவிழ்த்துவிட்டு, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. கழுவுபவர் கையில் உறை வேண்டும், இல்லாவிட்டால் பாலித்தீன் பையாவது. பிறகு 108. அட்ரோபின் ஊசி போட்டுக் கூடவே இருந்து கவனிக்கும் இடம் வேண்டும். மூச்சுக் கருவி தேவைப்படலாம் என்பதால் முதல் ஊசிக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிதான். மறுநாள் தெளிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் திரும்பத் தளர்வது உண்டு. ஆறு நாள் வைத்திருந்தார்கள் என்றால் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த ஊசி போடுபவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் குறையாக எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பூச்சிமருந்துக் கடையில் போய் "இலை மஞ்சளாக இருக்கு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் மூன்று டப்பாவைக் கலந்து அடிக்கச் சொல்லுவார். வேர்ப்புழுவா, இரும்புச்சத்துக் குறைவா என்று அவர் பார்ப்பதில்லை. படிப்பில்லாமல் ஊசி போடுபவரும் அப்படித்தான். காய்ச்சலுக்கு ஓர் ஊசி, அசதிக்கு ஒரு குளுக்கோஸ். அன்றைக்குத் தெம்பாக இருக்கும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் என்ன விலை ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கடன், சண்டை, மனவேதனை என்று மருந்தை எடுத்துக் குடித்துவிட்டவரை, போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஊர் பேசும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நடக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்; அவரைத் தண்டிப்பதற்கு இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்வது அவர்களுடைய நடைமுறை. அதற்காகச் சிகிச்சை நிற்காது. குடித்த அன்றைக்கு ஆள் தெளிவாகப் பேசுவது சில மருந்துகளின் குணம். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. பிழைத்து வந்த பிறகு ஏன் செய்தாய் என்று கேட்டு வதைக்காமல் கூட இருங்கள். 104-ஐ அழைத்தால் மனநல ஆலோசனையும் கிடைக்கும். செடிக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டுப் போட்ட பெட்டியில் கொட்டகையில் வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும்.

மஞ்சள் என்பது அன்றைக்கே பார்க்க வேண்டியது. ஆனால் சைரன் வேண்டாம். அரிவாள் வெட்டு, முள் ஆழமாக ஏறியது, கை கால் எலும்பு முறிவு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, கண்ணில் நெல் உமி அடித்தது. ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது தாலுகா மருத்துவமனை. குழந்தை சுருண்டு படுத்து, ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் அது மஞ்சள் இல்லை, சிவப்பு. தேள் கடியும் பெரியவருக்கு மஞ்சள், சின்னப் பிள்ளைக்குச் சிவப்பு. கதிரடிக்கும் இயந்திரத்தில் விரல் துண்டானால், துண்டைக் கழுவி ஈரத் துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டு போங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது.

நாய்க்கடியும் இதில்தான் சேரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள். அறுவடை வேலையில் மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் இல்லை. கடி ஆழமாகவோ முகத்திலோ இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும். அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

மீதி எல்லாம் பச்சை. காய்ச்சல், சளி, மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர். இதற்குப் பெரியாஸ்பத்திரி வரிசை தேவையே இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகிறது. பதிவு செய்யாதவர்கள் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் நிற்காமல் டாக்டரிடம் போங்கள். வரப்பிலும் புதரிலும் வேலை செய்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வருகிறது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருந்தழும்பு இருக்கும், வலிக்காது. "வேலை பார்ப்பது வயலில்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் போய்விடும். விட்டுவிட்டால் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

சிவப்பா மஞ்சளா என்று குழப்பம் வந்தால்? 104-இல் கேட்கலாம். கேட்க நேரம் இல்லை என்று மனம் சொன்னால் அது சிவப்புதான்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ரேஷன் அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடிப் பீரோவைக் கவிழ்த்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்டு வாருங்கள். ராத்திரியில் டாக்டர் இருக்கிறாரா, செவிலியர் மட்டுமா? ஈ.சி.ஜி. எடுப்பார்களா? பாம்புக்கடி மருந்து இப்போது இருப்பில் இருக்கிறதா? நாய்க்கடி ஊசி எந்த நேரத்தில் போடுவார்கள்? பதிலை வீட்டுச் சுவரில், 108-க்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உரக்கடையில் இருப்பு கேட்கிறோமே, அதேபோலத்தான். மருந்து இல்லை என்று சொன்னால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இருப்பு இல்லாத ஊரில் கேட்காமல் இருப்பதும் நம் தவறுதான்.

இதே விஷயத்தில் கீரமங்கலத்திலிருந்து ஒரு பூ விவசாயி கேட்டிருக்கிறார்: "காலி டப்பாவை நசுக்கிப் புதைக்கச் சொல்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் டப்பாவைக் கொண்டுவா என்கிறார்கள். எதைச் செய்வது?"

நல்ல கேள்வி, போன இதழில் நான் யோசிக்காமல் எழுதியது. மருந்து கலக்குவதற்கு முன்பே லேபிளை இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் இருப்பவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். என்ன மருந்து, மாற்று மருந்து என்ன என்பது அதிலேயே அச்சாகி இருக்கும். டப்பாவோடு வரும் துண்டுத்தாளைக் கிழித்து எறியாமல் கொட்டகையில் ஓர் ஆணியில் குத்தி வையுங்கள். டப்பாவை அடித்த அன்றே புதைக்க வேண்டாம். மூடி இறுக்கி மூன்று நாள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். அடித்தவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, கிணறு கண்மாயிலிருந்து தள்ளிப் புதைத்துவிடுங்கள்.

மல்லிகையில் மொட்டுப்புழு பற்றி அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் அடுத்த இதழில்.